எடை மெஷினா, வாரப் புகைப்படமா?

முதல் ஆணழகன் போட்டிக்காகக் கொழுப்பைக் குறைத்து உடலை வற்றவைக்கும் 12 முதல் 16 வாரங்களில், மனம் தளராமலிருக்கப் பெரும்பாலோர் நம்புவது எடை மெஷினை. சிலர் நம்புவது வாரம் ஒருமுறை எடுக்கும் புகைப்படத்தை.

மெஷின் தினமும் பதில் சொல்லும் என்பதே அதன் கவர்ச்சி, தொல்லையும் அதுவே. முந்தைய இரவு ஊறுகாயோடு இரண்டு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டவருக்குக் காலையில் எடை ஏறியிருந்தால், அது பெரும்பாலும் கொழுப்பு அல்ல. சோற்றின் மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாகத் தசையில் வைக்கிறது; அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கிறது, உப்பும் தன் பங்குக்கு நீரைத் தேக்குகிறது. இதை அறியாத புதியவர் அன்றைய பயிற்சிக்கே சோர்ந்துபோகிறார்.

புகைப்படம் மெதுவாகத்தான் பேசும். வெறும் வயிற்றில், அதே சுவர், அதே விளக்கு, அதே போஸ் என்று ஞாயிறுதோறும் காலையில் எடுத்த படங்களை நான்கு வாரம் கழித்து அடுக்கிப் பார்க்கும்போது, முன்தொடைத் தசைகளைப் பிரிக்கும் கோடு தெளிந்திருப்பது தெரியும். மேடையில் நடுவர்கள் தேடுவதும் அதைத்தான். (அடிவயிற்றுக் கொழுப்பு பெரும்பாலான ஆண்களுக்குக் கடைசியில்தான் கரையும், அங்கே அவசரப்பட்டுத் தேட வேண்டாம்.)

ஆயினும், எடைப் பிரிவு வாரியாகப் போட்டி நடப்பதால் மெஷினை ஒதுக்கிவிட முடியாது. அதில் 7 நாள் சராசரியை மட்டும் குறித்துக்கொள்வேன். ஊக்கத்துக்குப் படத்தையே நம்புவேன்.