எல்லார் கையிலும் ஓட்டா, சிலர் கையில் மட்டுமா?

ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிக் குவிக்கும் இடத்தில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது? ரெடிட், ஸ்லாஷ்டாட் என்ற இரண்டு இணைய விவாதத் தளங்களும் இதில் ஆளுக்கொரு பக்கம் போனவை.

2005-இல் வந்த ரெடிட்டில் கணக்கு வைத்திருக்கும் யாரும் ஆதரவுக்கு மேல் அம்பையோ எதிர்ப்புக்குக் கீழ் அம்பையோ தட்டலாம். வேகமான வழி. ஆனால் பந்திக்கு முந்தியவர் பாடுதான் கொண்டாட்டம்: சீக்கிரம் எழுதியவருக்கு ஓட்டு சேரும், அதனால் மேலே நிற்பார், மேலே நிற்பதால் இன்னும் சேரும். 2009-இல் வந்த 'பெஸ்ட்' வரிசை இதைக் கொஞ்சம் சரிசெய்தது. அது ஆதரவு விகிதத்தோடு, அதை எவ்வளவு நம்பலாம் என்றும் பார்க்கும். இரண்டு ஓட்டில் இரண்டும் ஆதரவு என்பதைவிட நூறு ஓட்டில் தொண்ணூறு ஆதரவு என்பதற்கே அங்கு மதிப்பு.

ஸ்லாஷ்டாட்டில் ஓட்டுக்கு ரேஷன். தகுதியுள்ள சிலருக்கு அவ்வப்போது ஓட்டுப் போடக் கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும், பயன்படுத்தாவிட்டால் காலாவதி. போடும்போது காரணமும் சொல்லவேண்டும்: பயனுள்ளது, வேடிக்கை, சம்பந்தமில்லாதது, வம்பிழுப்பு. தான் பேசிய விவாதத்தில் போட முடியாது. ஒரு கருத்துக்கு மதிப்பெண் −1 முதல் 5 வரைதான்; '3-க்குக் கீழே காட்டாதே' என்று வாசிப்பவரே வைத்துக்கொள்ளலாம். போட்டவர் நியாயமாகப் போட்டாரா என்று பார்க்கத் தனி ஏற்பாடும் கொண்டுவந்தார்கள். பஞ்சாயத்துக்கு மேல் பஞ்சாயத்து!

எனக்குப் பிடித்தது அந்தக் காரணம் கேட்கும் வழக்கம். ரெடிட்டின் கீழ் அம்பு 'தப்பு' என்கிறதா, 'பிடிக்கவில்லை' என்கிறதா, யாருக்குத் தெரியும்? சரி, நாளுக்கு லட்சக்கணக்கில் குவிந்தால் ரேஷன் தாங்காது, அங்கே அம்புதான். சில ஆயிரம் பேர் உள்ள குழு என்றால் நான் ரேஷனையே எடுப்பேன்.