திருவெண்காடு வழியாகத் தஞ்சைக் கலைக்கூடத்துக்கு

தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்தைப் பெரிய கோயில் பார்த்து முடித்தபின் நேரமிருந்தால் எட்டிப் பார்க்கிற இடமாகத்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். கலைக்கூடத்துக்கென்றே கிளம்புங்கள். முடிந்தால் பைக்கில், சீர்காழிப் பக்கமிருந்து, திருவெண்காடு வழியாகப் போங்கள்.

புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் முட்டியையும் இடுப்பையும் முதுகையும் பார்க்கிற வேலை. சிற்ப சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு உடம்பு எப்படி நிற்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது, எந்தத் தசை ஓய்வில் இருக்கிறது என்பது பார்த்ததும் தெரியும். தஞ்சைக் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகள் எனக்குப் பிடித்துப்போனதும் அந்தக் கண்ணால்தான்.

முதலில் வழி. கடலூர், சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் ஏறியதும் காற்றே மாறிவிடும். என்னுடையது 350 சிசி புல்லட். அறுபதுக்கு மேல் போக வேண்டிய அவசியமே இந்த வழியில் கிடையாது. சீர்காழியில் பிரிந்து சின்னச் சாலையில் போனால் திருவெண்காடு. நவக்கிரகத் தலங்களில் இது புதனுக்குரியது என்பதால் புதன்கிழமை கூட்டம் நெரியும். வேறு கிழமையில் போங்கள். அகோரமூர்த்தி சன்னிதியையும் குளங்களையும் நிதானமாகச் சுற்றி வரலாம். இந்த மண்ணுக்குள்ளிருந்துதான் 1951ல் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் சில வெளியே வந்தன. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளுக்குப் பயந்து யாரோ புதைத்து வைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தஞ்சைக் கலைக்கூடம் தொடங்கியதும் அதே 1951ல்தான். தஞ்சையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சிவன் இந்த ஊர்க்காரர் என்பது மனதில் இருந்தால் அங்கே போய் நிற்கும்போது பார்வையே வேறாக இருக்கும். அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி.

அங்கிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம். தை, மாசியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சம்பா அறுவடை நேரம் அது. தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள், சில இடங்களில் வைக்கோலும் கிடக்கும். நெல்மணி மேல் டயர் ஏறினால் பிரேக் பிடிக்காது. வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஹார்ன் அடித்துக் கோபப்படுவதில் அர்த்தமில்லை, அது அவர்களுடைய ஒரு போகத்து உழைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் பைக்கே வேண்டாம். மழை பிடித்தால் விடாது.

கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டுத் தாராசுரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் அது. கலைக்கூடத்தில் பார்க்கப்போகும் ஒரு கற்சிலையின் சொந்த வீடு. நேரமிருந்தால் பக்கத்திலேயே சுவாமிமலை. அங்கே இன்றும் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். பட்டறையில் ஒரு ஸ்தபதி சின்ன உளியால் விரல் நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "உக்காந்து பாரும்மா, நின்னா கை தெரியாது" என்றார். உட்கார்ந்தேன். நகத்தின் வளைவு முழுதாக வரும் வரை எழுந்திருக்க மனமில்லை.

பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர். தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை: "வண்டியை உள்ளேயே நிறுத்தலாம்" என்று போனில் சொன்ன ஒரு விடுதி, நேரில் போனதும் தெருவைக் காட்டியது. பைக்கில் வருகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் பார்க்கிங்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, கலைக்கூடம். நாயக்கர்கள் கட்டத் தொடங்கி மராட்டியர்கள் விரித்த அரண்மனைக்குள் இருக்கிறது. நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார். ஆங்கிலேயச் சிற்பி ஒருவர் செய்தது. நேர்த்தியான வேலை, ஆனால் என்னை அது நிறுத்தி வைக்கவில்லை. மணி கோபுரம், திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் பிள்ளைகளோடு வந்தால் பாருங்கள். செப்புத் திருமேனிகளுக்கு நேராக வாருங்கள்.

ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். திருவெண்காட்டிலிருந்து வந்தவர். சுமார் மூன்றரை அடி உயரம். கோயில் கல்வெட்டின்படி 1011ல், முதலாம் இராஜராஜனின் ஆட்சியில் எழுந்தருளச் செய்யப்பட்டவர். பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். தலையில் கிரீடம் கிடையாது. சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, அதில் பாம்பு நெளிகிறது. கைகள் இரண்டே இரண்டு. பின்னால் நிற்க வேண்டிய காளை இல்லை. ஒரு கை மட்டும் அதன் மேல் சாய்ந்தபடியே வெறும் காற்றில் இருக்கிறது.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. ஒரு காலில் எடை முழுவதும் இறங்கியிருக்கிறது, இன்னொரு கால் லேசாகக் குறுக்கே வந்து நிற்கிறது. எடை இறங்கிய பக்கம் இடுப்பு சற்று வெளியே தள்ளியிருக்கிறது. அதைச் சரிக்கட்டத் தோள்கள் எதிர்த்திசையில் மெல்லச் சாய்கின்றன. தரையில் காலூன்றி, எதன் மேலோ நம்பிக்கையோடு கையைப் போட்டு நிற்கும் ஒருவரின் உடம்பு இது. மாணவர்களுக்கு இந்தத் தோரணையைச் சொல்லிக்கொடுக்க நான் வரைபடம் போடுவேன். பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மெழுகில் செய்துவிட்டார். கையின் தசை இறுகவே இல்லை. தாங்க ஒன்று இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். காளை காணாமல் போய் எத்தனையோ காலமாகியும் அதன் உயரம், அது நின்ற தூரம் எல்லாம் இந்த உடம்பிலேயே இருக்கிறது.

கோயிலில் உற்சவமூர்த்தியைப் பார்க்கும்போது பட்டும் மாலையும் போக முகமும் கையும்தான் நமக்குக் கிடைக்கும். அது வேறு அனுபவம், அதற்கு நான் குறை சொல்லவில்லை. முழங்காலின் மடிப்பு, மேகலையின் முடிச்சு, கால்விரல்களின் இடைவெளி இதெல்லாம் இப்படி ஒரு இடத்தில்தான் பார்க்கக் கிடைக்கிறது. இன்னொன்று, தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட திருமேனிகளில் மூக்கும் கண்ணும் தேய்ந்து மழுங்கிவிடும். திருவெண்காட்டுச் சிலைகள் நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்ததால் அந்தக் கூர்மை தப்பியது. என்னருகே நின்ற ஒரு பாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடி முன் கைகூப்பினார். பேத்தி, "ஆயா, சாமி எது மேல சாஞ்சிருக்கு?" என்று கேட்டாள். "மாட்டு மேல, கண்ணு. மேயப் போயிருக்கு" என்றார் பாட்டி.

அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரரையும் பாருங்கள். சிவன் பார்வதியின் கையைப் பிடிக்கும் திருமணக் கோலம். பார்வதியின் தலை ஒரு சிறு கோணம்தான் குனிந்திருக்கிறது. அந்தச் சிறு கோணத்தில் மொத்த வெட்கமும் வந்துவிடுகிறது. கைகள் சேரும் இடத்தில் விரல்களைப் பாருங்கள்: இறுக்கிப் பிடிக்கவில்லை, தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

கற்சிலைகளில் தாராசுரத்துக் கஜசம்ஹாரமூர்த்திக்கு மட்டும் தனியாக நேரம் வையுங்கள். யானையின் தோலை உரித்துப் போர்த்தும் சிவன். இடுப்பு ஒரு பக்கம், மார்பு எதிர்ப்பக்கம் என்று முதுகுத்தண்டு முறுக்கிக்கொண்டு போகிறது. நிஜ மனித உடம்பு அந்த அளவு திரும்பாது என்று நான் எழுதித் தரத் தயார். ஆனால் சிலை முன் நிற்கும்போது அது பொய்யாகத் தெரியவே இல்லை, அந்த வேகம் நம் முதுகிலும் ஏறுகிறது. பக்கத்தில் குழந்தை முருகனோடு அம்மை பயந்து விலகுகிறாள். காளையில் சாய்ந்து நிற்பவரின் நிதானத்தைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் சோழர்கள் உடம்பை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

போகிறவர்களுக்கு: காலையில் திறந்ததும் போங்கள், பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வருமுன் சிலைகளோடு தனியாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல், நான்கைந்து சிலைகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் கால் வலிக்கும் வரை நில்லுங்கள். ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட் எல்லாம் விடுதியிலேயே இருக்கட்டும், தஞ்சாவூர் வெயிலுக்குப் பருத்திச் சட்டையே போதும். குழந்தைகளை அழைத்துப் போனால் கேள்வி கேட்க விடுங்கள். சரஸ்வதி மகால் நூலகமும் அதே வளாகத்தில்தான், அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருவெண்காட்டு அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஒரே உடம்பில் ஆண் இடுப்பும் பெண் இடுப்பும். அடுத்து அதைப் பார்க்கத்தான் வண்டியை எடுக்கிறேன், ஈசிஆர் வழியாக.