கம்பெனி விழாவுக்கு ஈவென்ட் பிளானர் பிடிக்கிறீர்களா? அட்வான்ஸ் போடும் முன் இதைப் படியுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அட்மின் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த முறை ஆண்டு விழாவைத் தொழிலாளர்களின் குடும்பங்களோடு ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வைக்கலாம் என்று மேலிடத்தில் முடிவானது. மேடை, எல்இடி வால் என்கிற பெரிய திரை, சவுண்ட், லைட், ஜெனரேட்டர், தொகுப்பாளர், டிஜே, குழந்தைகளுக்கான விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே ஈவென்ட் நிறுவனத்திடம் விட்டோம். கொட்டேஷன் 9,50,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,71,000. ஆர்டர் கொடுத்தவுடன் 70 சதவீதம், விழா அன்று காலையில் மீதி. பெயரைப் போடப் போவதில்லை, சட்டப்படி விஷயம் போய்க்கொண்டிருக்கிறது. எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி ஆட்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

ஆள் பேசுவதில் கெட்டிக்காரர். லேப்டாப்பில் முப்பரிமாண மேடை வடிவமைப்பு, இன்ஸ்டாகிராமில் பிரமாதமான படங்கள், பெரிய பெரிய கம்பெனிகளின் லோகோக்கள் ஒரு பக்கம் முழுக்க. எங்கள் எம்டியின் நண்பர் ஒருவர் பரிந்துரை வேறு. அந்தப் படங்களில் பாதிக்கு மேல் அவர் நடத்திய விழாக்களே இல்லை, லைட்டிங் போட்ட வேறொருவர் தன் வேலைக்கு எடுத்து வைத்திருந்த படங்கள் என்பது, அந்த லைட்டிங்காரரே எங்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்று புலம்பியபோதுதான் தெரிந்தது.

விழா மாலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும். பேருந்துகள் வந்துவிட்டன, மல்லிப்பூவும் பட்டுப்புடவையுமாகக் குடும்பங்கள் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டன, மேடையில் எல்இடி வால் கறுப்பாக நிற்கிறது. ஏதோ கேபிள் பிரச்சினை என்றார் பிளானர். கொஞ்ச நேரம் கழித்து எல்இடி போட்டவரே என்னிடம் வந்தார். "சார், போன ரெண்டு நிகழ்ச்சிக்கே எனக்குக் காசு வரல. இதுக்கும் பத்தாயிரம்தான் கொடுத்திருக்காரு. மீதி வராம ஆன் பண்ண மாட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நாங்கள் அன்று காலையே மீதிப் பணம் முழுவதையும் அனுப்பியிருந்தோம். அது பழைய கடன் ஒன்றை அடைக்கப் போயிருக்கிறது. ஒருவருக்கான பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தே தொழில் ஓட்டுகிறார் மனுஷன். கடைசியில் கம்பெனிக் கணக்கிலிருந்து எல்இடிக்காரருக்கு நேரடியாக 80,000 ரூபாய் போட்ட பிறகுதான் திரை எரிந்தது.

அதற்குள் அடுத்தது. ரிசார்ட் மேலாளர் வந்து சினிமாப் பாட்டு போட உரிமம் எங்கே என்று கேட்டார். பதிவு செய்த பாட்டைப் பொது நிகழ்ச்சியில் போட பிபிஎல், ஐபிஆர்எஸ் மாதிரியான உரிமை அமைப்புகளிடம் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் கொடுத்தவர்களுக்கும் நோட்டீஸ் வரும், அதனால் இப்போது பெரிய ஓட்டல்களும் ரிசார்ட்டுகளும் இதில் கறாராக இருக்கிறார்கள். "எல்லா அனுமதிகளும் எங்கள் பொறுப்பு" என்று பிளானர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். வாங்கவே இல்லை. பிள்ளைகள் மேக்கப்போடு வரிசையில் நிற்கிறார்கள், பாட்டு போடக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? எங்கள் நிதி மேலாளர் லெட்டர்ஹெட்டில் கம்பெனியே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு நடனத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினார். டிஜேவாக வந்த பையன் பெட்டியைத் திறக்காமலே கிளம்பிப் போனான்.

எனக்கு இன்னும் ஆறாதது இதெல்லாம் இல்லை. 25 வருஷம் சர்வீஸ் முடித்தவர்களுக்கு விருது கொடுப்பதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்தபோது எடுத்த படத்தைத் திரையில் காட்டி, மனைவியையும் மேடைக்கு அழைத்து, அவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி கௌரவிப்பதாகத் திட்டம். பழைய பர்சனல் ஃபைல்களைக் கிளறி அந்தப் படங்களை எடுக்கவே பெரும்பாடு பட்டோம். எல்லாம் தாமதமாகி அந்தக் கட்டம் வந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது ஒலி மாசு விதிகள் வந்த 2000-ஆம் ஆண்டிலிருந்து இருப்பதுதான், ரிசார்ட்காரர்கள் சரியாகப் பத்துக்குச் சவுண்டை நிறுத்தினார்கள். மைக் இல்லாமல், திரையில் படமும் இல்லாமல், பெயரைக் கத்திக் கூப்பிட்டு ஷீல்டைக் கையில் கொடுத்து அனுப்பினோம். பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு அண்ணன், "பரவால்ல சார், சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

சாப்பாடு நன்றாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை மட்டும் பிளானர் வழியாகப் போகாமல் ரிசார்ட்டுக்கு நேரடியாகப் பணம் கட்டியிருந்தோம்.

கதை அங்கேயும் முடியவில்லை. மாதக் கணக்கு பார்க்கும்போது இவருடைய பில் ஜிஎஸ்டிஆர்-2பியில், அதாவது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலில், வரவே இல்லை. தேடிப் பார்த்தால் அந்த ஜிஎஸ்டி பதிவு எங்களுக்கு பில் போடுவதற்கு முன்பே ரத்தாகியிருக்கிறது. ஆக நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய 1,71,000 வரிக் கிரெடிட்டும் போச்சு. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இன்னொன்றும் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், பி என்றால் தனிநபர். தனிநபராக இருப்பதில் குற்றமே இல்லை, ஆனால் இவர் விசிட்டிங் கார்டில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொண்டு ஆறாவது எழுத்தாக பி வைத்திருந்தார்.

போலீசில் புகார் கொடுத்தோம், இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றால், 2019 சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு விலக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும் என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், கொட்டேஷனில் இருந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பியிருக்கிறோம்.

நீங்கள் ஆள் பிடிக்கும்போது படத்தையும் லோகோவையும் பார்த்துக்கொண்டிருக்காமல், சவுண்ட் யார், எல்இடி யார், ஜெனரேட்டர் யார் என்று பெயரும் போன் நம்பரும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்தால் அவர்களிடம் நேரில் பேசி, இவர் காசு ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் அவர்கள் மறைக்க மாட்டார்கள், கொட்டித் தீர்ப்பார்கள். உரிமங்களின் நகல் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். பணத்தில் கால் பங்காவது விழா முடிந்து, சரியான பில்லும் வந்த பிறகு என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். நல்ல பிளானர்கள் இதற்கு முறைத்துக்கொள்வதில்லை. இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, நாங்கள் கேட்கும் முன்பே வெண்டர் பட்டியலை எடுத்து நீட்டினார், விலை கொஞ்சம் கூடத்தான்.

அந்த 25 வருஷக்காரர்களுக்கு மட்டும் தனியாக, கேன்டீன் ஹாலிலேயே திரும்ப ஒரு விழா வைக்கச் சொல்லி எம்டியிடம் கேட்டிருக்கிறேன்.