பால் பைத்தான் கவ்விட்டா: இழுக்கவா, தண்ணி காட்டவா, சும்மா இருக்கவா?

டல்லாஸ்ல மூணு வருஷமா ஒரு பால் பைத்தான் (ball python, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன், நாலடி நீளம், சரியான சோம்பேறி. ரெண்டு தடவை கடிச்சிருக்கு. மொத தடவை பயத்துல, நான் மேலருந்து திடீர்னு கையை விட்டேன், சடார்னு அடிச்சிட்டு அதே வேகத்துல விட்டுடுச்சு, ஊசி குத்தின மாதிரி வரிசையா ரத்தப் புள்ளி, அதுக்கு சோப்பு போட்டு கழுவினா போதும்.

தலைவலி சோத்துக்கடிதான். அதுக்கு சாப்பாடா வச்சிருந்த ஃப்ரீசர் எலியை வெந்நீர்ல போட்டு எடுத்துட்டு கை கழுவாம போனேன், கட்டைவிரலையே எலின்னு நினைச்சு கவ்வி, மணிக்கட்டுல ரெண்டு சுத்தும் சுத்திடுச்சு.

இழுக்குறது படு மோசம், ஆனா கை தானா அதைத்தான் செய்யும், நானும் ஒரு செகண்ட் இழுத்தேன். பல்லு எல்லாம் தொண்டைப் பக்கமா தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்கும், இழுத்தா நம்ம தோல் கிழியும், அதோட பல்லு உடையும், வாய்ப்புண்ணு வந்து சீழ் கூட பிடிக்கும்.

சும்மா இருக்கிறது நல்ல வழிதான், இது எலி இல்லன்னு புரிஞ்சா அதுவே விட்டுடும், ஆனா அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமா தெரியும், அவ்ளோ பொறுமை எனக்கில்ல. குழாயத் தொறந்து பச்சத்தண்ணிய தலை மேல விட்டேன், கொஞ்ச நேரத்துல பிடி தளர்ந்துச்சு, அப்பவும் பின்னாடி இழுக்காம தலைய லேசா முன்பக்கம் தள்ளித்தான் பல்ல கழட்டினேன். என் ஓட்டு தண்ணிக்குத்தான். சுத்தினத பிரிக்கணும்னா வால்லருந்து ஆரம்பிங்க, அங்கதான் பலம் கம்மி.

சானிடைசர், மவுத்வாஷ் வாய்கிட்ட ஒரு சொட்டு விட்டா இன்னும் சீக்கிரம் விடும்ங்குறாங்க, உண்மைதான், ஆனா அதுக்கு வாய் எரியும், மூச்சுக்குழாய்க்குள்ள போனா வம்பு. எதுவும் வேலைக்காகலன்னா மட்டும் அதுக்குப் போங்க. அதோட வாய்க்கும் நம்ம விரலுக்கும் நடுவுல கிரெடிட் கார்டு நுழைக்கிறதெல்லாம் ஒத்தக்கையால நடக்காது.

ஹாக்னோஸ்ங்குற இன்னொரு வகை வளர்ப்புப் பாம்பு வச்சிருக்கவங்க பொறுமையா உக்காந்திருக்காதீங்க, அதுக்கு பின்பல்லு வழியா லேசான விஷம் இருக்கு, மெல்ல மெல்ல ஏறும், கை வீங்கிடும், சீக்கிரமா கழட்டிடணும்.

வீடியோ கால்ல அம்மா கேட்ட மொத கேள்வி "விஷமுறிவு ஊசி போட்டியாடா?". விஷமே இல்லாத பாம்புக்கு அது எதுக்கு, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாச்சான்னு மட்டும் பாருங்க. ஆனா ஊர்ல தோட்டத்துல எது கடிச்சாலும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கட்டாம கீறாம நேரா ஆஸ்பத்திரி. (ஊர்ல சாரைப்பாம்பு கூட வீட்ல வளர்க்க முடியாது, 1972 வனவிலங்கு சட்டம்.)

அஞ்சாம் நாள் தலைக்கு ஷாம்பு போடும்போது விரல்ல ஏதோ சுருக்குன்னுச்சு. ட்வீசர்ல எடுத்துப் பாத்தா கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு குட்டிப் பல்லு, அந்த ஒரு செகண்ட் இழுத்ததுக்கு.