கொன்ஜாக் நூடுல்ஸ்: வயிறு ரொம்புகிறது, பசி போகவில்லை

ஒரு நாளைக்கு 1,350 கலோரி. ஜனவரியிலிருந்து இதுதான் என் பட்ஜெட். 1,200க்குக் கீழே போவதென்றால் டாக்டர் பார்வையில்தான் போக வேண்டும் என்று டயட்டீஷியன் கண்டித்து அனுப்பியதால் அந்தப் பக்கமே போகவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற கதைதான் இதுவும், காலையில் தாராளமாக நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் செலவழித்துவிட்டால் ராத்திரி கையைக் கடிக்கும். காலையும் ராத்திரியும் எப்படியோ ஓட்டிவிடுவேன். மதியம் சாப்பிட்டு முடித்து நாலு மணிக்கு வருகிற பசிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆபீஸ் வாசலில் இருக்கிற டீக்கடையில் நாலேகாலுக்குப் பருப்பு வடை போடுவார்கள், அந்த வாசனை மூன்றாவது மாடி ஜன்னல் வரைக்கும் ஏறி வரும். அதற்குத் தோற்ற நாட்களைக் கணக்கெடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் கொன்ஜாக் நூடுல்ஸ் விளம்பரம் கண்ணில் பட்டது. 'ஒரு பாக்கெட்டுக்கு 15 கலோரி, வயிறு நிறையச் சாப்பிடலாம்' என்றார்கள். ஐந்து நூடுல்ஸ், அதே கொன்ஜாக்கில் அரிசி மாதிரி செய்தது மூன்று என்று எட்டு பாக்கெட் கொண்ட காம்போ ஆர்டர் போட்டேன், ஒன்று 170 ரூபாய் வாக்கில் விழுந்தது. வந்ததில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட் ஓட்டையாகி உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் அட்டைப்பெட்டியில் ஊறிப்போயிருந்தது. போட்டோ அனுப்பியதும் பணத்தைத் திருப்பிவிட்டார்கள், அதனால் பிராண்டு பெயரை எழுதி வம்பு வளர்க்கவில்லை. எப்படியும் நான் பார்த்த பிராண்டுகள் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே சரக்குதான். தண்ணீர், கொன்ஜாக் மாவு, கொஞ்சம் சுண்ணாம்பு.

கொன்ஜாக் என்றால் ஏதோ கடல்பாசி என்று நினைத்திருந்தேன். இல்லை, கிழங்கு. அதுவும் நம் சேனைக்கிழங்கின் பங்காளி, இரண்டும் ஒரே பேரினம். சேனையைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் தொண்டை அரிக்கிற மாதிரி இதையும் பச்சையாகத் தின்ன முடியாது, மாவாக்கிச் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்து இறுக்கித்தான் ஜப்பான்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். நூல் மாதிரி இழுத்ததற்கு அங்கே ஷிராடாகி என்று பெயர், வெள்ளை அருவி என்று அர்த்தமாம். அந்த நூலில் ஏறக்குறைய 97 சதவீதம் தண்ணீர், மீதி குளுக்கோமன்னன் என்கிற நார். ஆக, பாக்கெட்டில் போட்டிருக்கிற கலோரிக் கணக்கில் பொய் இல்லை.

"கொன்ஜாக்கா? பேரிலேயே கொஞ்சம்னு இருக்கே, கொஞ்சமாத்தான் இருக்குமா?" என்று கேட்டார் மாமியார். அப்புறம் பாக்கெட்டை வெட்டினேன். அந்த வாடையை எப்படிச் சொல்வது, சாயங்காலம் மீன் மார்க்கெட் கழுவிவிட்ட தரை மாதிரி. எங்கள் வீட்டில் மீனே வாங்குவதில்லை, அதனால் ஹாலில் இருந்தவர் எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். பயப்பட வேண்டாம், கெட்டுப்போன வாடை இல்லை. வடிகட்டியில் கொட்டிக் குழாயடியில் இரண்டு நிமிஷம் நன்றாக அலசி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுத்தால் முக்கால்வாசி போய்விடும். மீதி போவதற்கு ஒரு வேலை இருக்கிறது, பாக்கெட்டில் இதை எழுதுவதில்லை. வெறும் வாணலியில் எண்ணெய் இல்லாமல் போட்டுப் புரட்ட வேண்டும். முதலில் சளசளவென்று தண்ணீர் விடும், அது வற்றியதும் நூடுல்ஸ் வாணலியில் உரசிக் கீச்சு கீச்சென்று சத்தம் போட ஆரம்பிக்கும், செருப்பு நனைந்து நடக்கிற மாதிரி. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் மசாலா. அதற்கு முன்னால் எதைப் போட்டாலும் தண்ணீராகத்தான் நிற்கும்.

முதல் நாள் தக்காளித் தொக்கில் புரட்டி ஒரு முழு பாக்கெட்டையும் தனியாகச் சாப்பிட்டேன். எண்ணெயெல்லாம் சேர்த்து 90 கலோரி. தட்டு நிறைய இருந்தது, சாப்பிட்டு முடித்ததும் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த மாதிரி ஒரு திணறல், வெற்றி என்று வீட்டுக்காரருக்கு மெசேஜே போட்டுவிட்டேன். அப்போது மணி ஒன்று. இரண்டரைக்கு வயிறு கல் மாதிரி கனமாக இருக்கும்போதே பசித்தது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும், இடம் இல்லை ஆனால் பசிக்கிறது. மூன்று மணிக்குத் தலை கிறுகிறுத்தது, நாலேகாலுக்கு வடை, ஒன்று இல்லை, இரண்டு.

அடுத்த முறை அதே நூடுல்ஸ், கூடவே இரண்டு முட்டை, 200 கிராம் முட்டைக்கோசும் கேரட்டும், ஒரு டீஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள். மொத்தம் 265 கலோரி வரும். இது நின்றது. ஐந்து மணி வரைக்கும் எதுவும் தேடவில்லை, வடை வாசனை வந்தது, போனது.

சரி, இதில் வேலை செய்தது யார், நூடுல்ஸா முட்டையா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் நூடுல்ஸுக்குப் பதிலாக 200 கிராம் சுரைக்காயை நீள நீளமாகச் சீவிப் போட்டேன், மற்றதெல்லாம் அதேதான். கலோரி கூடினால் 15 கூடியிருக்கும். அன்றைக்கும் ஐந்து மணி வரை தாங்கியது. முழுச் சுரைக்காய் 25 ரூபாய், அதில் மூன்று நாள் ஓட்டலாம். எனக்கு அங்கேயே தீர்ப்பு முக்கால்வாசி எழுதியாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. வயிறு விரிவது ஒரு சேதி, அது சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். புரதமும் கொஞ்சம் நிஜமான சாப்பாடும் உள்ளே போனால்தான் 'இப்போதைக்குப் போதும்' என்கிற சேதி மணிக்கணக்கில் நிற்கிறது. கொன்ஜாக்கில் முதல் சேதி மட்டும்தான் இருக்கிறது. குளுக்கோமன்னன் எடை குறைக்க உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஒத்துக்கொண்டது உண்மை, விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் அதில் இருக்கிற நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 கிராம், அதை 1 கிராம் வீதம் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒன்றிரண்டு கிளாஸ் தண்ணீரோடு, அதுவும் ஏற்கெனவே கலோரியைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு. தண்ணீர் என்கிற விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூளாக விற்பதை வாங்கித் தண்ணீர் குறைவாகக் குடித்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். இதே கொன்ஜாக் போட்டுச் சின்னக் கப்பில் விற்ற ஜெல்லி மிட்டாய்களை, மூச்சுக்குழல் அடைக்கிற ஆபத்தால், 2002இலேயே ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திவிட்டது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, மாத்திரை உடம்பில் சேர்வதையே இந்த நார் தாமதமாக்கலாம். அப்புறம் முதல் வாரம் வாயு. ஆபீஸ் மீட்டிங் இருக்கிற நாளில் ஆரம்பிக்க வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

பசி தாங்குகிற கணக்கில் எனக்கு ஆச்சரியம் தந்தது உருளைக்கிழங்கு. உடம்பு இளைக்க வேண்டும் என்றதும் நம் ஊரில் முதலில் வீட்டை விட்டு வெளியேற்றுவது அதைத்தானே. சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் கூட இருந்தவர்களும் 1995இல் 38 உணவுகளை, எல்லாவற்றையும் 240 கலோரி அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியைக் கேட்டுக் கேட்டு மார்க் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, அதுதான் முதலிடம். வெண்ணெய் நிறையப் போட்டுச் சுடுகிற குரோசான்டு என்கிற பன்னுக்கு 47, கடைசி. நம் எதிரி கிழங்கு இல்லை, அதை வறுக்கிற எண்ணெய். 250 கிராம் கிழங்கை வேகவைத்து, உப்பு, மிளகு, நாலு வெங்காயத் துண்டு போட்டு மசித்து, ஒரு டம்ளர் நீர்மோரோடு சாப்பிட்டால் 250 கலோரிகூட வராது, எனக்கு அது நாலு மணிப் பசியைத் தாண்டி விட்டுவிடுகிறது. ஜப்பான் கிழங்கை 170 ரூபாய் கொடுத்து வாங்கி அலசிக் கொண்டிருந்த எனக்கு, கூடையில் கிடந்த கிழங்கு சொன்ன பாடம் இது.

ரசத்தில் நூடுல்ஸைப் போட்டுச் சூப் மாதிரி குடித்ததும் நன்றாகத்தான் இருந்தது, மழை நாளுக்குப் பரவாயில்லை, பசிக்கு இல்லை.

சரி, அரிசிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் காம்போவில் மரியாதைக்குரியது அதுதான். சோறு மாதிரி இருக்கும் என்று நம்பிச் சாம்பார் ஊற்றினால் ஏமாந்து போவீர்கள். ஒரு பருக்கையில்கூடச் சாம்பார் ஒட்டவில்லை, ஜவ்வரிசி மேல் ஊற்றின மாதிரி வழுக்கித் தட்டின் அடியில் போய்த் தேங்கியது. மாமியார் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "சோறு வேணும்னா சோத்தையே தின்னுடலாமே, எதுக்கும்மா வேஷம்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தயிர் சாதத்தில் கதை மாறுகிறது. 80 கிராம் குழைந்த சோறு, அதாவது ஒரு சின்னக் கரண்டி, அதோடு அலசிக் கொதிக்கவைத்த கொன்ஜாக் அரிசி 100 கிராம், அரை கப் தயிர், இஞ்சி, பச்சை மிளகாய், அரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளிப்பு. நிஜச் சோறு தயிரைப் பிடித்துக்கொள்கிறது, கொன்ஜாக் நடுநடுவே ஒளிந்துகொள்கிறது. பாதிக் கிண்ணச் சாதம் முழுக் கிண்ணமாகிவிடுகிறது, கலோரி 180ஐத் தாண்டவில்லை. கூட ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலில் பாதி வைத்துக்கொண்டால் மதியம் முழுக்கக் கவலை இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தயிர் சாதம் இல்லாமல் தூக்கம் வராத என் மாதிரி ஆளுக்கு இது ஒன்றுக்காகவே அரிசி பாக்கெட்டை வாங்கலாம். மீதியைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளைக்கும் ஆகும். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ரப்பர் பேண்ட் ஆகிவிடும்.

அரிசியை மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறேன், மாதம் இரண்டு பாக்கெட். நூடுல்ஸுக்கு இனி காசு கொடுக்க மாட்டேன். நூடுல்ஸ் இல்லாமல் இருக்கவே முடியாது, மைதாவும் கூடாது என்கிறவர்கள் வாங்கலாம், முட்டையோ பனீரோ சேர்க்காமல் மட்டும் சாப்பிடாதீர்கள். வெறும் நூடுல்ஸைச் சாப்பிட்டு எடை குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாலு மணிக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு நூடுல்ஸ் பாக்கெட் அலமாரியில் மிச்சம் கிடந்தது. போன சனிக்கிழமை ஒன்பதாவது படிக்கிற மகள் அதை எடுத்து மேகி மசாலா போட்டுப் புரட்டி, நல்லாத்தாம்மா இருக்கு என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "தோசை மாவு இருக்கா?" என்றாள். இருந்தது. மூன்று ஊற்றிக் கொடுத்தேன்.