தரம் 10 பிள்ளைகளுக்கான பாலியல் தொற்று வகுப்பு: நல்லதும் குறையும்

திருகோணமலைப் பாடசாலைகளுக்கு வந்து நடத்தித் தரும் இந்த ஒன்றரை மணி நேர வகுப்புக்குக் குவளைப் பயிற்சிதான் உயிர். 20 குவளைகள், 19இல் வெறும் தண்ணீர், ஒன்றில் மட்டும் சலவைச் சோடாக் கரைசல்; அதுதான் தொற்று. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். இருவரைத் தவிர ஒவ்வொருவரும் மூன்று பேரோடு மாறி மாறிக் கலந்து பாதி பாதியாகப் பிரித்த பிறகு காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினோப்தலீன் இரண்டு சொட்டு. கூடினால் 8 குவளைகள் இளஞ்சிவப்பாகும். மூடியே திறக்காத இருவரின் தண்ணீர் தெளிவாக நிற்கும். பாலுறவுக்குக் காத்திருத்தலை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது! சலவைச் சோடாவுக்குப் பதில் அப்பச் சோடா போட்டால் காரத்தன்மை போதாது, நிறம் மங்கிவிடும்.

ஆணுறையை ஒரே வரியில் கடந்தது பெரிய குறை. சரியாகப் பாவித்தால் எச்ஐவியை நன்றாகத் தடுக்கும். ஆனால் அது மூடாத தோலாலும் பரவும் ஹேர்பீஸ் (கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் தொற்று), எச்பிவி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் குறைவு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் போடும் எச்பிவி தடுப்பூசி பற்றியும் பேச்சில்லை. கிளமிடியா என்ற பாலியல் தொற்று அறிகுறியே காட்டாமல் இருக்கலாம் என்பதைச் சொன்னார்கள், நல்லது.

கேள்விப் பெட்டி அருமை. கேள்வி இல்லாதவரும் துண்டில் ஏதாவது எழுதிப் போட வேண்டும். அதனால் யார் கேட்டதென்று தெரியாது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது என்பதைக் கரும்பலகையில் கடைசிவரை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.