பில்சென் மூலைக் கடையில் ஏழு வருடச் சாப்பாடு

சிகாகோவுக்கு வேலைக்கு வந்து 8 வருடம் ஆகிறது. அதில் 7 வருடமாக, பில்சென் பகுதியில் 18-ஆவது தெருவை ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மெக்சிகோ உணவகத்தில் மாதம் இரண்டு மூன்று தடவையாவது சாப்பிடுகிறேன். மொத்தமே 9 மேஜைதான். கல்லாவில் அப்பா, பரிமாறுவது மகள், அடுப்படியில் அம்மா. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்துப் பக்கத்துக் குடும்பம். அந்த அம்மா என்னை ‘மிஹா’ என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் ‘வாம்மா, கண்ணு’ என்பது போல.

நான் போவதே டோர்டியா என்கிற மக்காச்சோள ரொட்டிக்காகத்தான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவு அது. சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டிக்கொண்டு திரளும். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் சத்தும் உடம்பில் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே தின்று வாழ்ந்த ஐரோப்பிய ஊர்களில், அந்தச் சத்து குறைவதால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. இவர்கள் தினமும் காலையில் பக்கத்து மில்லிலிருந்து ஈரமாவாகவே வாங்கி வருகிறார்கள். எலுமிச்சை அளவு உருண்டையை அம்மா அச்சில் வைத்து அழுத்திக் கல்லில் போடுவார். ஓரம் லேசாகக் காய்ந்ததும் வெறும் விரலாலேயே திருப்புவார். இரண்டாவது தடவை திருப்பிப் போட்டதும் பூரி போல உப்பும். உப்பவில்லை என்றால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார், தட்டுக்கு வராது.

2022-இல் மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். டோர்டியாவைக் கையில் எடுத்ததும் முகர்ந்து பார்த்து, “வெத்தலச் சுண்ணாம்பு வாசனை வருதுடி” என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அம்மா சுத்த சைவம். நான் பீன்ஸும் சோறும் சொல்லப் போக, மகள் நோட்டை மூடிவிட்டாள். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, சோறு கோழிச் சாற்றில் வெந்தது, இரண்டும் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்றாள். இதைக் கேட்காமலே சொன்ன கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பூசணிப்பூ வைத்து மடித்துச் சுட்ட டோர்டியாவான கேசடியாவும், டோர்டியாவுக்குள் வதக்கிய சப்பாத்திக்கள்ளி வைத்த டாக்கோவும் கொண்டுவந்தாள். கள்ளியைச் சாப்பிடுவார்களா என்று முதலில் தயங்கிய அம்மா, வெண்டைக்காய் மாதிரி இருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் கறியும் காயும் எல்லாம் ஒரே கல்லில்தான் சுடுகிறார்கள். அதில் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

கறி சாப்பிடுபவர்கள் ஞாயிறு காலையில் போங்கள். கார்னிடாஸ் அன்றைக்குத்தான் நன்றாக இருக்கும். அகல அண்டாவில் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வெந்த பன்றிக்கறி, வெளியே முறுகலாக, உள்ளே பஞ்சாக. ஒரு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கும். தொட்டுக்கொள்ளத் தரும் பச்சை சால்சா ஒருநாள் சாதுவாக இருக்கும், இன்னொரு நாள் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். முதலில் நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடம் வாசலில் நின்றிருக்கிறேன். வார நாளில் இரவு எட்டு மணிக்குமேல் கடை அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் வருவது பாக்கெட் டோர்டியா, அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டுக்கு வரவழைத்தும் சாப்பிடாதீர்கள், நீராவியில் நனைந்து பிய்ந்துவிடும். காரை நிறுத்த இடம் கிடைக்காது. பிங்க் லைன் ரயிலில் 18-ஆவது தெரு நிலையத்தில் இறங்கி நடந்தால் சுவரோவியங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். பக்கத்துத் தெருவில் இருக்கும் மெக்சிகோ கலை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

விலையையும் சொல்ல வேண்டும். நான் முதலில் போனபோது ஒரு டாக்கோ இரண்டரை டாலர், இப்போது நான்கு. 1960-களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காகப் பக்கத்துப் பேட்டையிலிருந்து கிளப்பப்பட்ட மெக்சிகோக் குடும்பங்கள் பலவும் வந்து சேர்ந்த இடம் இது. இன்று இங்கேயும் வாடகை ஏறி, தெரிந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அதனால் அந்த நான்கு டாலரை நான் மனதாரக் கொடுக்கிறேன்.

அம்மா வரும் மே மாதம் மறுபடி வருகிறார். முதல் நாளே சொன்னால் கொழுப்பில்லாமல் ஒரு சட்டி பீன்ஸ் தனியாக வேகவைப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். அம்மா வரும் தேதியை அவளிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.